கையை இழுத்துக்கொள்ளச் சொன்னார்கள்

போன வருடம் கோடையில், திண்டிவனத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் நடந்தது இது. நான் விழுப்புரத்துக்காரன். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். காலையில் திண்டிவனத்துக்கு லோடு ஏற்றிப் போவேன், அங்கே எது கிடைக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். என் மனைவி ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். விடிவதற்குள் அவளுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். அதனால் எங்கள் பெண்ணை வண்டியிலேயே உட்காரவைத்துத் திண்டிவனத்தில் அந்தக் கட்டடத்தில் இருக்கும் சிறப்புப் பிள்ளைகள் பயிற்சி மையத்தில் விட்டு, மதியம் கூட்டி வருவது என் வேலை.

அவளுக்கு அப்போது நாலு வயது. பேச மாட்டாள். ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. மகளுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. கண்டாச்சிபுரம் பக்கம் ஒருவர் நாக்கில் தடவ ஒரு எண்ணெய் கொடுத்தார். பாண்டிச்சேரியில் ஒருவர் மூன்றே மாதத்தில் பேசவைக்கிறேன் என்றார். கர்ப்பமாக இருந்தபோது போன் பார்த்ததால்தான் இப்படி ஆனது என்று என் மனைவியின் முகத்துக்கு நேராகச் சொன்னவர்களும் உண்டு. என் பெண்ணைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும், இதில் இவனுக்கு என்ன லாபம் என்றுதான் முதலில் பார்ப்பேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை.

அந்த மையத்தை நடத்தும் மேடத்தை மட்டும் நம்பினேன். படித்தவர். எண்ணெய் விற்கவில்லை. கோபப்படாமல் பேசினார்.

என் பெண்ணுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எது வேண்டுமானாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு போய் அந்தப் பொருளின் மேல் வைப்பாள். தண்ணீர் பாட்டிலின் மூடியில் வைத்தால் தாகம். கேட்டில் வைத்தால் வெளியே போக வேண்டும். வேகவைத்த மல்லாட்டையின், அதாவது வேர்க்கடலையின், மேல் வைத்தால் உரித்துத் தர வேண்டும். என் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். கை மட்டும்தான் அவளுக்கு வேண்டும். உரித்துக் கொடுத்தால் தின்றுவிட்டு, மறுபடி கையை எடுத்து அடுத்த மல்லாட்டையின் மேல் வைப்பாள். தட்டு காலியாகும்வரை இது நடக்கும்.

மேடம் இதைப் பார்த்ததும் கூடாது என்று தலையை ஆட்டினார்.

“பாப்பா அப்பா, இதை விடக்கூடாது. அவ உங்க கையை ஒரு ஸ்பூன் மாதிரி யூஸ் பண்றா. உங்களை ஒரு மனுஷனா பாக்கல. அவ கையைப் பிடிக்க வந்தா உங்க கையை இழுத்துக்குங்க. வாயால கேக்கட்டும். இல்லன்னா விரலை நீட்டிக் காட்டட்டும். வீட்ல எல்லாரும் இதையே செய்யணும். ஒருத்தர் விட்டுக் குடுத்தாலும் போச்சு.”

உங்களை மனுஷனாகப் பார்க்கவில்லை என்று சொன்னது என்னைச் சுட்டது. சரி என்றேன்.

வீட்டில் முதல் நாள் அவள் என் கைக்கு வந்தாள். நான் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவள் என்னைச் சுற்றி வந்து முதுகுப் பக்கம் தேடினாள். முன்னால் கொண்டுவந்தேன். மறுபடி சுற்றி வந்தாள். முதலில் விளையாட்டு என்று நினைத்திருப்பாள் போல. பிறகு அழுதாள். தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். என் மனைவி, “போதுங்க, வுட்டுடுங்க, புள்ள அழுவுது” என்றாள். மேடம் சொன்னதைச் சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

கொஞ்ச காலத்தில் அந்தப் பழக்கம் நின்றுபோனது. யார் கையையும் அவள் எடுப்பதில்லை. மேடம் சந்தோஷப்பட்டார். அடுத்தது விரல் நீட்டிக் காட்டுவது, அதற்கடுத்தது வார்த்தை என்றார். விரலும் வரவில்லை. வார்த்தையும் வரவில்லை. ஆனால் பெண் அமைதியாகிவிட்டாள். வண்டியில் ஏற்றினால் உட்காருவாள், இறக்கினால் இறங்குவாள். எவ்வளவு முன்னேற்றம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடச் சொன்னார்கள்.

வெயில் ஏறியதும் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சிறுநீர் போகும்போது வலியில் கத்தினாள். விழுப்புரத்தில் டாக்டரிடம் காட்டினோம். நீர்த்தாரையில் கிருமி என்றார். “இந்த வெயில்ல புள்ளைக்குத் தண்ணி குடுக்கறீங்களா இல்லையா?” என்று சத்தம் போட்டார். பாட்டில் அவள் கையிலேயேதான் இருக்கிறது, குடிக்காவிட்டால் நான் என்ன செய்ய என்று நானும் திருப்பிச் சத்தம் போட்டேன். மருந்தில் சரியானது. மறுபடி வந்தது. இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் இந்த முறை மெதுவாகச் சொன்னார். அவர் கத்தியபோது வராத பயம் அப்போது வந்தது.

என் மனைவி பாட்டிலை மாற்றிப் பார்த்தாள். ஸ்டீல் வாங்கினாள், படம் போட்டது வாங்கினாள், மோரும் இளநீரும் ஊற்றிப் பார்த்தாள். எங்களுக்கு ஞாபகம் வந்து வாயில் வைத்தால் சில நேரம் குடிப்பாள், சில நேரம் தள்ளிவிடுவாள். தானாகக் குடிப்பதே இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாதாம் என்று யாரோ சொன்னார்கள். அதையும் கேட்டுக்கொண்டோம். வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மையத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஒரு சிறப்பு விருந்தினர் வருகிறார், கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். லோடு ஒன்றை விட்டுவிட்டுப் போனேன். வந்தது இருபத்தைந்து வயது இருக்கக்கூடிய ஒரு பெண். மயிலம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். ஏதோ கம்ப்யூட்டர் வேலையாம், வீட்டிலிருந்தே செய்கிறாளாம்.

“இவங்களுக்கும் ஆட்டிசம்தான்” என்று மேடம் சொன்னார். “இன்னிக்கு சொந்தக் காலில் நிக்கறாங்க. நம்ம குழந்தைங்களும் ஒரு நாள் இப்படி வருவாங்க.” எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்குச் சந்தேகம் அப்போதே ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், “ஆளு தெளிவாத்தான் கீது. இதுக்கா ஆட்டிசம்?” என்றார். “அட்மிசன் நேரம் வருதில்ல, படம் காட்றாங்க” என்றேன். சிரித்தார்.

பொன்னாடை போர்த்த மேடம் போனார். அந்தப் பெண் ஒரு அடி பின்னால் நகர்ந்து, கையை நீட்டி அதை வாங்கி, மடித்து நாற்காலியில் வைத்துவிட்டாள். போர்த்திக்கொள்ளவில்லை. திமிர் என்று நினைத்தேன். பேசச் சொன்னார்கள். அவள் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு, “முதல்ல வகுப்பைப் பாக்கணும். பாக்காம என்ன பேசறதுன்னு தெரியல” என்றாள். மேடம் சிரித்துச் சமாளித்து, பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்.

முன்பின் தெரியாத ஆளைப் பிள்ளைகளோடு விட எனக்கு மனசில்லை. நானும் போய்க் கதவோரம் நின்றேன். வேறு சில பெற்றோரும் வந்தார்கள். அந்தப் பெண் ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்தாள். எந்தப் பிள்ளையையும் கொஞ்சவில்லை. பெயர் கேட்கவில்லை. கன்னத்தைக் கிள்ளவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளைப் பார்த்தால் யாராவது சிரிக்காமல் இருப்பார்களா? என் சந்தேகம் இன்னும் கூடியது.

அப்போது ஒரு பையன் டீச்சரின் கையை எடுத்து பொம்மை டப்பாவின் மூடியில் வைத்தான். டீச்சர் வழக்கம்போலக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“அவன் கேட்டான். நீங்க ஏன் கையை எடுத்தீங்க?” என்றாள் அந்தப் பெண்.

டீச்சர் மேடத்தைப் பார்த்தார். மேடம் எனக்குச் சொன்ன அதே ஸ்பூன் விளக்கத்தை அவளுக்கும் சொன்னார்.

“எனக்கு அப்படித் தோணல” என்றாள் அவள். “எங்கம்மா கையை நானும் இப்படித்தான் எடுப்பேன். மூடி மேல வெச்சா தொறன்னு அர்த்தம். அதுல எது புரியல?”

“நீங்க வேறம்மா. நல்லா பேசறீங்க. இந்தக் குழந்தைங்க வேற.”

“வேறதான். எனக்குப் பேச்சும் இருக்குது. இவங்களுக்கு அது ஒண்ணுதான் இருக்குது. அதையும் நிறுத்திட்டா எதை வெச்சுக் கேப்பாங்க?”

டீ ஆறிவிடும், எல்லோரும் வாருங்கள் என்றார் மேடம்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கோபம் மேடத்தின் மேல் இல்லை, அவள் மேல். அத்தனை நாள் பிள்ளையை அழவைத்து, மனைவியோடு சண்டை போட்டு ஒரு பழக்கத்தை நிறுத்தியிருக்கிறோம். இவள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்து தப்பு என்கிறாள்.

“ஏம்மா, உன்ன யாரு அனுப்புனது?” என்றேன்.

“மேடம்தான் கூப்பிட்டாங்க.”

பின்னால் ஒருவர் சிரித்துவிட்டார். அவள் கேலி செய்கிறாள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கேட்டதற்குத்தான் பதில் சொன்னாள் என்று பிற்பாடுதான் புரிந்தது.

“அது தெரியும். வேற சென்டர் எதுனா வெச்சிருக்கியா? இங்கேந்து ஆளு புடிக்க வந்தியா?”

“இல்லங்க. எனக்குக் கூட்டம்னாலே ஆவாது.”

“நீ வேலைக்குப் போற, பஸ் ஏறி வர்ற, எல்லாருக்கும் எதிர்ல நின்னு மேடத்தயே கேள்வி கேக்கற. எம்பொண்ணு குடிக்கத் தண்ணிகூடக் கேக்க மாட்டா. நீயும் அவளும் ஒண்ணா?”

“ஒண்ணு இல்லங்க. ஆனா உங்களவிட நான் அவளுக்குக் கொஞ்சம் கிட்ட இருக்கேன்.” பிறகு கொஞ்சம் யோசித்து, “தண்ணி முன்னாடி எப்படிக் கேட்டுக்கினு இருந்தா?” என்றாள்.

“என் கையப் புடிச்சு...” என்று ஆரம்பித்தேன்.

சொல்லிக்கொண்டே திரும்பி மகளைத் தேடினேன்.

என் பெண் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். பாட்டில் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இருந்தது. மூடியைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தினமும் வண்டியில் அதைத்தான் செய்வாள். ஏதோ விளையாட்டு என்று விட்டிருந்தேன். திருகு மூடி அது, வண்டி குலுங்கினால் சிந்தாமல் இருக்க நான்தான் இறுக்கி மூடுவேன். அவள் கைக்கு அது திறக்காது. போய்த் திறந்து நீட்டினேன். மூச்சு விடாமல் குடித்தாள். கன்னம் வழியாக வழிந்து கவுன் நனைந்தது. குடித்து முடித்ததும் பாட்டிலை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

அதோடு நான் அந்தப் பெண்ணை நம்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வெயில் நேரம், யார் கொடுத்தாலும் குடித்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீயைக்கூடக் குடிக்காமல் அவள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனாள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பொய் சொல்கிறாள் என்றால் நாலு கேள்வியில் மாட்டிக்கொள்வாள். எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

“இவ பேசுவாளா?” என்று கேட்டேன்.

“தெரியாதுங்க.”

“பெரியவளானா உன்ன மாதிரி வேலைக்குப் போவாளா?”

“தெரியாதுங்க. எனக்கு என்னப் பத்தித்தான் தெரியும்.”

அங்கேதான் கொஞ்சம் தடுமாறினேன். என் பெண்ணைப் பற்றிப் பேசிய எவரும் அதுவரை தெரியாது என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. எண்ணெய் கொடுத்தவருக்கும் பதில் தெரிந்திருந்தது. மேடத்துக்கும் தெரிந்திருந்தது.

“இனிமே நான் கையக் குடுத்தா எடுப்பாளா?”

“ரெண்டு நாள்ல எடுத்துடுவான்னு நெனைக்கறேன். எடுக்கலன்னா விட்டுடுங்க. நீங்களா அவ கையப் புடிச்சு வெக்காதீங்க. எனக்கு அது நெருப்பு மாதிரி இருக்கும்.” சொல்லி முடித்ததும் பஸ் வந்தது. போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் ஏறிப் போய்விட்டாள்.

மாலையில் மனைவியிடம் சொன்னேன். ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவள் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா? வுட்டுடுங்க, புள்ள அழுவுதுன்னு. மேடம் சொல்லிட்டாங்க, மேடம் சொல்லிட்டாங்கன்னு குதிச்சீங்க. பெத்தவ சொன்னா ஏறாது.”

“மேடம் படிச்சவங்கடி.”

“படிச்சவங்களுக்கு நம்ம புள்ளையோட தாகம் தெரியுமா?”

நான் தப்பு செய்தேன் என்று இங்கே அழுவதற்காக இதை எழுதவில்லை. சொன்னதைச் செய்தேன். பிள்ளை பேச வேண்டும் என்றால் எந்த அப்பனும் செய்வான். என் கோபம் வேறு. அந்த மையத்தில் பிள்ளைகளைப் பற்றிய எல்லா முடிவையும் எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட ஆட்டிசம் கிடையாது. கையை இழுத்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று, அவர்களைப் போன்ற ஒரு ஆளிடம்கூட அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டதுகூடப் பொன்னாடை போர்த்திப் படம் எடுக்கத்தான்.

மூடியைத் தளர்த்தி வைத்தோம். கையைப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தேன். இரண்டு நாளில் அவள் எடுக்கவில்லை. அடுத்த வாரமும் எடுக்கவில்லை. என் கை பக்கத்தில் வந்தால் நகர்ந்து உட்கார்ந்தாள். பார்த்தாயா, இவளும் மற்றவர்களைப் போலத்தான், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள் என்று அந்தப் பெண்ணைத் திட்டினேன். ஆனாலும் நான் கையை விலக்கவில்லை. பிடிவாதம்தான், வேறு ஒன்றும் இல்லை.

ஒரு மதியம் திண்டிவனம் மார்க்கெட்டில் லோடுக்காகக் காத்திருந்தோம். வண்டிக்குள் அனல். நான் போனில் ஒருவரோடு வாடகைச் சண்டையில் இருந்தேன். முழங்காலில் ஏதோ இடித்தது. தள்ளிவிட்டேன். மறுபடி இடித்தது. பார்த்தால் அவள் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, மூடிப் பக்கத்தால் என் முழங்காலைக் குத்திக்கொண்டிருந்தாள். அன்று பழக்கத்தில் மூடியை இறுக்கிவிட்டிருக்கிறேன் போல. போனை அப்படியே போட்டுவிட்டுத் திறந்து கொடுத்தேன். குடித்தாள். பாட்டிலை என் மடியில் வைத்தாள். எதிர்முனையில் அந்த ஆள் அலோ அலோ என்று கத்திக்கொண்டிருந்தான். போனை எடுத்து அணைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எதையும் என் முழங்காலில்தான் இடிப்பாள். மல்லாட்டை, செருப்பு, சீப்பு, எல்லாம். கிருமித் தொல்லை மறுபடி வரவில்லை. கொஞ்ச நாளில் அவள் அம்மாவின் கையை எடுக்க ஆரம்பித்துவிட்டாள். என் கையை இன்றுவரை எடுக்கவில்லை. அந்தப் பெண் சொன்ன கணக்கு தப்பு. ஆனால் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தாள், நாங்கள் அதை நிறுத்தினோம் என்று அவள் சொன்னது தப்பில்லை.

மேடத்திடம் போய், அந்தப் பெண்ணை அடிக்கடி வரச்சொல்லுங்கள், வகுப்பில் என்ன செய்தாலும் முதலில் அவளைக் கேளுங்கள் என்றேன்.

“அவங்க டிரெய்னிங் எதுவும் முடிக்கலயே, பாப்பா அப்பா.”

“ரோட்ல குழி கீதுன்னு அதுல விழுந்தவன் சொன்னா, உன்கிட்ட லைசன்ஸ் இருக்கான்னு கேப்பீங்களா மேடம்?”

முகம் சிவந்துவிட்டது. மற்ற பெற்றோரைக் கேட்டேன். சிலர் என்னோடு நின்றார்கள். சிலர், அந்தப் பெண்ணே ஒரு மாதிரி, அவள் பேச்சைக் கேட்டா பிள்ளையை வளர்ப்பது என்றார்கள். அவர்களோடு சண்டையே போட்டேன். கடைசியில் மாதம் ஒரு சனிக்கிழமை அவளை வரவழைக்கிறார்கள். அவள் சொல்லி, பேசவே பேசாத, போனில் தட்டித் தட்டிப் பதில் சொல்லும் ஒரு பையனும் விழுப்புரத்திலிருந்து வருகிறான். இரண்டு பேரும் சொல்வது பல நேரம் ஒத்துப்போவதில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே மாதிரி சொன்னால்தான் சந்தேகப்படுவேன்.

இப்போது மையத்தில் யாரும் கையை இழுப்பதில்லை. இதை எங்கள் புது முறை என்று மேடம் புதிதாக வரும் பெற்றோரிடம் விளக்குகிறார். ஒரு நாள் அப்படிச் சொல்லும்போது நான் அங்கேயே நின்று, இது யார் சொல்லி மாறியது என்பதையும் சொல்லுங்கள் மேடம் என்றேன். சொன்னார். சந்தோஷமாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னார்.

இன்றும் என் பெண்ணுக்கு இது நல்லது, அது நல்லது என்று யார் வந்தாலும், எவ்வளவு படித்தவராக இருந்தாலும், இதை அவளைப் போன்ற யாரிடமாவது கேட்டீர்களா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். இல்லை என்றால் பெண்ணைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறேன்.